வளையத்தில் நூறு இடம்

இரண்டே கோப்புகள்.
ஒன்று, என்ன செய்வேன் என்று சொல்கிறது.
மற்றது செய்கிறது.
முழுவதும் படித்தாலும் முந்நூறு வரி வராது.
உச்சியில் ஒரு குறிப்பு, எழுதியது யாரென்று தெரியாது:
இடத்தை நீ கொண்டு வா,
கணக்கை மட்டும் நான் பார்க்கிறேன்.

ஏகாம்பரம் வீதியில், போன் கடைக்கு மேல் அறை.
கீழே ஒரு மான்
சில்லு வந்த அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நிற்கிறது.
கிண்ணியா ஜெஸீல் காக்காவின் படகுக்கு
வழி குறித்து வைக்கும் பெட்டி செய்கிறேன்.
மூளை விரல்நகமளவு. அதன் நினைவு
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட்.
இந்தக் கவிதையே அதற்குள் அடங்காது.

முதலில் போட்டது பெரிய லைப்ரரி.
அது ஓட ஓட இடம் கேட்டது.
கொடுத்ததை வாங்கி, வாங்கியதைப் பிய்த்து,
கடைசியில் ஊரெல்லாம் துண்டுக் காணி,
ஒரு வீடு கட்ட நிலமில்லை.
ஸ்டாக் மேலிருந்து இறங்கிற்று,
ஹீப் கீழிருந்து ஏறிற்று,
கொட்டியாரக் குடாவில் ஆறும் கடலும் போல
எது எங்கே முடிந்ததென்று
யாருக்கும் சொல்ல முடியவில்லை.
பதினோராவது மணித்தியாலத்தில் பெட்டி வாயை மூடிக்கொண்டது.
பச்சை விளக்கு மட்டும் எரிந்தபடி.
படகு சுகமாய் வந்து சேர்ந்தது.
பெட்டிதான் வரவில்லை.

இது சின்னது. யாரிடமும் கை நீட்டாது.
பதிவொன்றுக்குப் பன்னிரண்டு பைட்:
நேரத்துக்கு நாலு,
அகலாங்குக்கு நாலு, நெட்டாங்குக்கு நாலு.
நூறு பதிவுக்கு ஓர் அணி.
தலை ஓர் எண், வால் ஓர் எண்,
நூறு முடிந்தால் மீண்டும் முதலாவது.
பத்து நிமிடத்துக்கு ஒன்றென்றால்
ஓர் இரவுக்குத் தாங்கும்.

இரண்டாம் இரவுக்கு?

கோணேசர் மலை மறைகிற இடத்தில்
சிக்னலும் மறையும். அனுப்ப வழியில்லை,
வைக்க இடமில்லை, நூற்றோராவது வந்து நிற்கிறது.
லைப்ரரி என்னைத்தான் கேட்கிறது, ஒற்றை பிட்டில்:
பழையதை விடவா, புதியதை விடவா?

போனில் கேட்டேன்.
"கரையில இருந்து போன வழி எனக்குத் தெரியுந்தானே பிள்ள.
கடைசியா நிண்ட இடந்தான் வேணும்.
எனக்கில்ல. தேடி வாறவனுக்கு."

பிட்டை ஒன்றாக்கினேன்.

மூன்றாம் நாள் காலை இறங்குதுறையில்
கேபிளைக் குத்தி வரைபடத்தை விரித்தேன்.
நூறு புள்ளி.
தொடக்கம் நடுக்கடலில்.
இந்தப் படகு
எந்தக் கரையிலிருந்தும் புறப்படவேயில்லை.

காக்கா குனிந்து பார்த்தார்.
ஓரிடத்தில் பதினாலு புள்ளிகள் எறும்புபோல் மொய்த்திருந்தன.
விரலை அதன்மேல் வைத்தார், எடுத்தார்,
சுற்றிவரப் பார்த்தார்.
"பாரை பட்ட இடம். என்ர மச்சானுக்கும் சொன்னதில்ல.
அழிச்சுப் போடு."

அழி என்று ஒரு கட்டளை அதில் இருக்கிறது.
கொடுத்தேன். பெட்டி பூச்சியம் என்றது.
"அழிச்சாச்சு" என்றேன்.

அது பொய்.
அந்தக் கட்டளை தலையையும் வாலையும்
ஒரே இடத்தில் கொண்டுவந்து வைக்கும், அவ்வளவுதான்.
குறிப்பில் சொன்னபடியே: கணக்கு மட்டும்.
பாரை பட்ட இடம் பைட் பைட்டாய் அங்கேயே கிடக்கும்,
அடுத்த பயணம் வந்து மிதிக்கும் வரை.

காக்கா பிளேன்ரீக்குப் போனார்.
கேபிள் இன்னும் குத்தியபடி.
லைப்ரரி தராத ஒரு வரியை நானே எழுதினேன்:
ஆயிரத்து இருநூறு பைட்டிலும் பூச்சியம்.
மடிக்கணினியில் எடுத்த பிரதியையும் நீக்கினேன்.
திரையில் இருந்த வரைபடத்தை மூடுமுன்
ஒருதரம் பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது
நான் சொன்னது உண்மையாகியிருந்தது.
மூன்று நிமிடம் பிந்தி.